காற்றை அடைத்தாலும் அடங்காத கணப்பு அடுப்பு: உள்தகடு தொய்ந்திருக்கிறது, எங்கிருந்து பார்ப்பது?

மரக்கட்டை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். வாங்கிய வீட்டோடு சேர்ந்து வந்த கணப்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. உடல் எஃகுத் தகடு, கதவு வார்ப்பிரும்பு, கதவில் கண்ணாடி, உள்ளே சுற்றிலும் தீச்செங்கல். முன்பு இருந்தவர்கள் எப்படி எரித்தார்கள் என்று கேட்க வழியில்லை.

பிரச்சினை இதுதான். காற்றுத் திறப்பை முழுக்கச் சாத்தினாலும் தீ அடங்குவதில்லை. போட்ட விறகு மளமளவென்று எரிந்து கங்காகிவிடுகிறது. கண்ணாடியில் கீழே இடது மூலை மட்டும் கறுக்கிறது, மற்ற இடமெல்லாம் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே தீயைத் தடுத்துத் திருப்பும் பேஃபிள் தகடு தொய்ந்திருக்கிறது, இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாக. வெளியே இடது சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்புப் பெயின்ட் சாம்பல் வெள்ளையாக வெளுத்திருக்கிறது. உள்ளே இரண்டு செங்கலில் விரிசல்.

தகட்டை மாற்றினால் சரியாகிவிடுமா, இல்லை அடுப்பே போச்சா?

---

சாம்பல்பூனை

விறகு எப்படி? ஈரமா காய்ந்ததா? பாதிப் புகார் விறகில்தான் முடியும். பிளந்த கட்டையின் உள்முகத்தில் ஈரமானி வைத்துப் பாருங்கள், 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். வெளித்தோலில் வைத்துப் பார்த்தால் எல்லாக் கட்டையும் காய்ந்ததாகத்தான் காட்டும்.

---

மரக்கட்டை

பிளந்துதான் பார்த்தேன், 16, 17 காட்டுகிறது.

---

பழையவெல்டர்

அப்படியென்றால் விறகை விடுங்கள். ஈர விறகாக இருந்தால் கண்ணாடி முழுக்கக் கறுத்திருக்கும், தீயும் மந்தமாக இருக்கும். உங்களுக்கு நேர் எதிராக நடக்கிறது.

நீங்கள் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். கண்ணாடியில் இடது மூலை. தகடு இடப்பக்கம் அதிகத் தொய்வு. இடது சுவரில் வெளுப்பு. விரிசல் விட்ட செங்கல் எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை, அதுவும் இடம்தான் என்று நினைக்கிறேன். அடுப்பு வெறுமனே வயதாகித் தேய்ந்திருந்தால் இரு பக்கமும் தேய்ந்திருக்கும். ஒரு பக்கமாகக் கெட்டிருந்தால் அந்தப் பக்கம் காற்று புகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு ஓரத்தில் நூலளவு சந்து போதும். அடுப்பு சூடாகிப் புகைபோக்கி இழுக்க ஆரம்பித்ததும் அந்தச் சந்து வழியாகக் காற்று துருத்தி வைத்து ஊதியதுபோல் கங்கின் மேல் பாயும். காற்றுக் கைப்பிடியை நீங்கள் எவ்வளவு சாத்தினாலும் அந்தக் காற்றுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

வெளுத்த பெயின்டைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுப்புக்கு அடிக்கும் வெப்பப் பெயின்ட் பொதுவாக 600, 650 டிகிரி வரை நிற்கும். அது வெளுத்திருக்கிறதென்றால் அந்த இடத்துத் தகடு அந்தச் சூட்டைத் தொட்டிருக்கிறது. 600 டிகிரியில் எஃகுக்கு ஏறக்குறையப் பாதி வலுதான் இருக்கும். இருட்டறையில் தகடு மங்கிய சிவப்பாகத் தெரிய 525 டிகிரி போதும். அதனால் எப்போதாவது அடுப்பின் உடம்பு சிவந்து தெரிந்தால் விளக்கை அணைத்து ரசிக்காமல் காற்றை அடைக்கிற வேலையைப் பாருங்கள்.

---

துருவன்

வெல்டர் அண்ணன் பெரிய கதையாகச் சொல்கிறார். பேஃபிள் தகடு மாற்றுகிற பொருள்தான். தீ நேராக அதில்தான் மோதுகிறது, அது வளையத்தான் செய்யும். புதுசு வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். எல்லாவற்றையும் சோதித்துக்கொண்டிருந்தால் குளிர்காலமே போய்விடும்.

---

பழையவெல்டர்

துருவன் சொல்வதில் பாதி சரி. பேஃபிள் தகடு தேய்ந்து போவதற்காகவே வைத்த பொருள்தான், உடம்பைக் காப்பாற்ற அது பலியாகிறது. ஆனால் காரணத்தை அப்படியே வைத்துக்கொண்டு புதுசு போட்டால் அதுவும் இதே மாதிரி இடப்பக்கம் தொய்யும். சோதனைக்கு ஒரு மாலைப்பொழுதுகூட ஆகாது.

தகடு ஏன் வளைகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஃகு ஒரு மீட்டர் நீளத்தில், ஒவ்வொரு 100 டிகிரிக்கும் ஏறக்குறைய 1.2 மி.மீ. நீளும். அரை மீட்டர்த் தகடு 500 டிகிரி ஏறினால் 3 மி.மீ. நீள வேண்டும். நீள இடம் இருந்தால் நீண்டு, ஆறியதும் சுருங்கிப் பழைய இடத்துக்கு வரும். இடம் இல்லையென்றால் வளையும். சூட்டில் வலு குறைந்த நேரத்தில் வளைந்தது ஆறினாலும் நிமிராது. அதனால்தான் பேஃபிள் தகட்டைப் பெரும்பாலான அடுப்புகளில் இறுக்கிப் பூட்டுவதில்லை, தாங்கிகளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். உங்களுடையதைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடாமல் இறுகியிருந்தால் ஓரத்தில் சாம்பலும் கரிச்செதிலும் அடைத்திருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு பராமரிப்பு.

சரி, சோதனைகள். அடுப்பு முழுக்க ஆறியிருக்க வேண்டும்.

ஒன்று, காகிதச் சோதனை. விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டைக் கதவுச் சட்டத்தில் வைத்துக் கதவைப் பூட்டி இழுங்கள். பிடித்து இழுத்தால்தான் வர வேண்டும். சுற்றிலும் கையகலத்துக்கு ஒரு இடமாகப் பாருங்கள், கீல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பலர் தாழ்ப்பாள் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நல்லா இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள்.

இரண்டு, வெளிச்சச் சோதனை. ராத்திரி அறை விளக்கை அணைத்துவிட்டு, நல்ல வெளிச்சமான டார்ச்சை அடுப்புக்குள் வைத்துக் கதவைப் பூட்டுங்கள். கதவு ஓரம், தகடுகள் சேரும் மூலை, புகைக்குழாய் ஏறும் கழுத்து, பின்பக்கம் எல்லாம் சுற்றிப் பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிடுங்கள்.

---

மரக்கட்டை

இரண்டும் செய்தேன். நீங்கள் நினைத்தது சரி, விரிசல் செங்கற்கள் இடப்பக்கம்தான்.

தாழ்ப்பாள் பக்கம், மேல், கீழ் எல்லாம் காகிதம் இறுக்கமாக இருக்கிறது. கீல் பக்கம் கீழ்ப்பாதியில் தானாக உருவிக்கொண்டு வருகிறது. அந்த இடத்தில் கதவு ஓரத்தை அடைக்கும் கயிறு கல் மாதிரி இறுகித் தட்டையாகி மினுமினுக்கிறது. மற்ற இடத்தில் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிறது. வெளிச்சமும் அங்கேதான் ஒரு கோடாகத் தெரிந்தது. மற்றபடி உடம்பில் எங்கும் கசிவு இல்லை.

இன்னொன்று. விரிசல் செங்கல் ஒன்றில் கீழ் முனை உடைந்து போயிருக்கிறது. அந்த ஓட்டைக்கு நேர் வெளியேதான் அந்த வெளுப்பு.

---

பழையவெல்டர்

அப்புறம் என்ன, உங்கள் அடுப்பே சொல்லிவிட்டது. கீல் பக்கம் காற்று புகுந்திருக்கிறது, அந்த மூலையில் கங்கு வெள்ளைச் சூட்டில் எரிந்திருக்கிறது, செங்கல் உடைந்த இடத்தில் தகடு நேராகத் தீயைத் தின்றிருக்கிறது.

அந்தச் செங்கலை எடுத்துவிட்டுப் பின்னால் தகட்டைப் பாருங்கள். வெறும் நிறமாற்றமா, செதில் உரிகிறதா, உப்பியிருக்கிறதா? மரப்பிடி உள்ள சின்னச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். உள்ளே தின்றுபோனது மொத்தென்று கேட்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்ப்பதும் நல்லது. முனை இறங்கினால் அடுப்பை எரிக்கவே வேண்டாம்.

---

நீலச்சுடர்

கயிறு மாற்றுகிற வேலையை நான் சொல்கிறேன், இது என் ஏரியா.

முதலில் ஒரு எச்சரிக்கை. அடுப்பு மிகப் பழையது என்றால் அந்தக் கயிறு கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். கண்ணால் பார்த்து கண்ணாடிநாரா கல்நாரா என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் சுரண்டாதீர்கள், உலர்ந்த பிரஷ் போடாதீர்கள், தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். கண்ணாடிநார் என்று தெரிந்தாலும் முகமூடியும் கையுறையும் வேண்டும், தோலில் பட்டால் நாளெல்லாம் அரிக்கும்.

கதவைக் கீலிலிருந்து கழற்றி ஒரு பழைய போர்வை மேல் படுக்கப் போடுங்கள். வார்ப்பிரும்புக் கதவு கனமாக இருக்கும், ஆள் துணை வைத்துக்கொள்ளுங்கள். பழைய கயிற்றை உருவிவிட்டு, பள்ளத்தில் இருக்கும் காய்ந்த பசையைச் சுத்தமாக எடுக்க வேண்டும். வேலையின் உயிரே இதுதான். உளியைப் படுக்கை வாட்டில் பிடித்து மெதுவாகத் தள்ளினால் பசை வெள்ளைச் சில்லுகளாகப் பெயரும், பிறகு கம்பி பிரஷ், பிறகு ஈரத்துணி. பசை மேட்டின் மேல் புதுக் கயிறு உட்கார்ந்தால் அந்த இடம் தூக்கிக்கொண்டு நிற்கும், பக்கத்தில் சந்து விழும்.

கயிற்றின் தடிமன் அடுப்பின் கையேட்டில் இருக்கும். இல்லையென்றால், பழைய கயிற்றில் நசுங்காத இடத்தை அளந்து பாருங்கள், பெரும்பாலும் 6 முதல் 12 மி.மீ.க்குள் இருக்கும். தடியாக இருந்தால் நல்லா அடைக்கும் என்று நினைக்காதீர்கள். கதவு பூட்டாது, பலமாகத் தள்ளிப் பூட்டுவீர்கள், கீலும் தாழ்ப்பாளும் தேயும்.

பசையைப் பள்ளத்தில் மெல்லிய கோடாகப் போட்டால் போதும். கயிற்றை இழுத்து இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்தால் மெலிந்துவிடும், பிறகு சுருங்கி முனை பிரியும். தள்ளித் தள்ளி உட்கார வையுங்கள். வெட்டும் இடத்தில் முதலில் டேப்பைச் சுற்றி அதன் நடுவில் வெட்டினால் நார் பிரியாது. இரு முனையும் கீல் பக்கத்தில் சேரட்டும், மூலையில் சேர்க்க வேண்டாம். பிறகு கதவை மாட்டி, நடுவே ஒரு மெழுகுக் காகிதம் வைத்துப் பூட்டி ஒரு ராத்திரி விடுங்கள்.

கடையில் சிவப்பு சிலிக்கான் பசையைக் காட்டி வெப்பம் தாங்கும் என்பார்கள். அது 300 டிகிரி அளவில்தான் நிற்கும். அடுப்புக் கயிற்றுக்கென்று விற்கும் சிலிகேட் பசையை வாங்குங்கள்.

---

துருவன்

கயிறு நல்லா இருந்தும் கதவு சரியாகச் சேரவில்லை என்றால்? எனக்கு அப்படி ஒன்று இருக்கிறது.

---

நீலச்சுடர்

தாழ்ப்பாளைப் பாருங்கள். பல அடுப்புகளில் தாழ்ப்பாள் விழும் கொக்கியின் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருக்கும். ஒன்றை எடுத்தால் கதவு இன்னும் உள்ளே இழுபடும். கீல் ஊசி தேய்ந்து கதவு தொங்கியிருந்தால் ஊசியைத்தான் மாற்ற வேண்டும். கதவுச் சட்டமே கோணியிருந்தால், அதாவது சமதளத்தில் படுக்கப் போட்டால் ஒரு மூலை ஆடினால், கயிறு எதுவும் செய்யாது.

---

மரக்கட்டை

செங்கலை எடுத்துப் பார்த்தேன். தகட்டில் கறுஞ்சாம்பல் நிறத்தில் மெல்லிய செதில், நகத்தால் உரித்தால் வெங்காயத்தோல் கனத்துக்கு வருகிறது. கீழே தகடு கெட்டியாக இருக்கிறது, தட்டினால் கணீரென்றுதான் கேட்கிறது. உப்பல் இல்லை. அளவுகோலை நேராக வைத்தால் நடுவில் லேசான குழிவு, ஒரு நாணயம் நுழையாது.

---

பழையவெல்டர்

பிழைத்துக்கொண்டது. செதிலைக் கம்பி பிரஷால் எடுத்துவிட்டு அந்த இடத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், அடுத்த பருவத்துக்கு முன் ஒப்பிட உதவும். செதில் வளர்ந்துகொண்டே போனால், தகடு கரைந்துகொண்டே போகிறது என்று பொருள்.

செங்கலைப் பற்றி ஒரு வார்த்தை. முடியளவு விரிசலுக்காக எந்தச் செங்கலையும் தூக்கிப் போட வேண்டாம். இடத்தில் நின்று தகட்டை மறைத்துக்கொண்டிருந்தால் அது தன் வேலையைச் செய்கிறது. துண்டு விழுந்தால், பொடிப்பொடியாக உதிர்ந்தால், சந்து வழியாகத் தகடு தெரிந்தால் மாற்றுங்கள். சாதாரணக் கட்டடச் செங்கல் இதற்கு ஆகாது. செங்கலுக்குப் பதில் வெர்மிகுலைட் பலகை இருக்கும் அடுப்புகளில் கவனம் அதிகம் வேண்டும். அது மென்மையானது, கட்டையை வீசிப் போட்டாலே குழி விழும். தடிமன் பாதியாகக் குறைந்தால் மாற்றுகிற நேரம்.

---

சாம்பல்பூனை

வார்ப்பிரும்பில் விரிசல் வந்தால் என்ன செய்வது? எங்கள் வீட்டு அடுப்பின் மேல்தகட்டில் குழாய்க் கழுத்திலிருந்து ஒரு கோடு ஓடுகிறது. அடுப்பு சிமென்ட் பூசினால் போதும் என்கிறார்கள்.

---

பழையவெல்டர்

யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுப்பு சிமென்ட் மூட்டுகளுக்கானது, அதாவது இரண்டு தகடு சேரும் இடத்தை அடைக்க. விரிசல் சூட்டில் திறக்கும், ஆறினால் மூடும். சிமென்டுக்கு வளைகிற குணம் கிடையாது, சில தடவை எரித்ததும் உதிர்ந்துவிடும். அது உதிர்ந்ததும் உங்களுக்குத் தெரியாது, புகை மட்டும் வந்துகொண்டிருக்கும்.

வார்ப்பிரும்பைப் பற்றவைக்கலாம். முழுப் பாகத்தையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் கம்பி போட்டு, மிக மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் பற்றுக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழும். பித்தளைப் பற்று வெளிப்புற அலங்காரத்துக்குச் சரி, தீ படும் இடத்தில் நிற்காது. மொத்தத்தில், தனியாகக் கழற்ற முடிந்த தகடு என்றால் புதுசு வாங்குவதுதான் மலிவு. என் தொழிலுக்கு எதிராக நானே சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. வார்ப்பிரும்பைத் திரும்பத் திரும்ப அதிகச் சூட்டில் வைத்தால் அது நிரந்தரமாகப் பெருக்கும். உள்ளே கட்டுண்டிருந்த கார்பன் பிரிந்து கிராஃபைட்டாக மாறி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விறகைத் தாங்கும் கிராதி, முன்பு எளிதாகக் கழன்றது, இப்போது இறுகிக்கொண்டு வர மறுக்கிறதா, காரணம் இதுதான். சுத்தியலால் அடிக்காதீர்கள், உடையும்.

---

துருவன்

கிராதி என்றதும் ஞாபகம் வருகிறது. சாம்பல் தட்டு நிரம்பி கிராதியைத் தொடும்வரை விட்டுவைக்காதீர்கள். கீழே இருந்து வரும் காற்றுதான் கிராதியைக் குளிர்விக்கிறது. சாம்பல் முட்டினால் காற்று நின்று கம்பிகள் தொய்ந்துவிடும். கிராதி இல்லாத அடுப்பில் நேர்மாறு, அடியில் ஓரிரு விரற்கடை சாம்பல் இருந்தால் தளத்துக்குப் பாதுகாப்பு.

தீ சீக்கிரம் பிடிக்கட்டும் என்று சாம்பல் கதவைத் திறந்து வைக்கிற பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அடுப்புகள் கெடுவதற்கு அதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

---

நிலாமுற்றம்

எல்லோரும் அடுப்பையே பேசுகிறீர்கள், குழாயை யாரும் தொடவில்லை. தீ இவ்வளவு வேகமாக எரிந்திருந்தால் குழாயும் அடி வாங்கியிருக்கும்.

அடுப்பிலிருந்து ஏறும் முதல் துண்டையும் முதல் வளைவையும் பாருங்கள். நீலமாகவோ வெளுத்தோ இருந்தால் அதிகச் சூடு. திருகாணிகள் துருவேறித் தளர்ந்திருக்கும், மூட்டுக்கு மூன்று இருக்க வேண்டும். துண்டுகளின் குறுகிய முனை கீழ்நோக்கி, அடுப்புப் பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் உள்ளே வடியும் கீல் (கதவுக் கீல் இல்லை, புகை குளிர்ந்து படியும் கரிப்பிசின், கிரியோசோட்) வெளியே சொட்டாமல் அடுப்புக்குள்ளேயே விழுந்து எரியும். மாற்றி மாட்டியிருந்தால் மூட்டுகளில் பழுப்புக் கோடுகள் வழிந்திருக்கும்.

கீலைப் பற்றி எச்சரிக்கை. மெல்லிய தூள் என்றால் பிரஷ் போட்டால் போய்விடும். செதில்செதிலாகவோ, தார் மாதிரி மினுமினுத்தோ இருந்தால் அது எரிபொருள். பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1,000 டிகிரி தாண்டும். மரக்கட்டை, உங்கள் அடுப்பில் தீ பலமாக எரிவதால் கீல் குறைவாக இருக்கலாம். கயிறு மாற்றி அடக்கி எரிக்க ஆரம்பித்த பிறகு கூடும், அப்போது பாருங்கள். குழாயில் ஒட்டும் காந்த வெப்பமானி வாங்கி வையுங்கள். ஒற்றைத் தகட்டுக் குழாயின் வெளிப்புறத்தில் 120 முதல் 240 டிகிரிக்குள் நின்றால் நிம்மதி. கீழே போனால் கீல் படியும், மேலே போனால் உலோகம் தேயும்.

வருடம் ஒரு தடவையாவது புகைபோக்கியை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் அமெரிக்கத் தீப் பாதுகாப்புத் தரமான என்.எஃப்.பி.ஏ. 211 சொல்வதும். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. இல்லையென்றால் இந்த இழையை மூடிவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

---

சாம்பல்பூனை

கண்ணாடி? என்னுடையதில் வெள்ளையாக மங்கல் விழுந்திருக்கிறது, எதைப் போட்டாலும் போகவில்லை.

---

நீலச்சுடர்

அது அழுக்கு இல்லை, மேற்பரப்பே அரித்திருக்கிறது. பார்வைக்குத்தான் குறை, பாதுகாப்புக்கு இல்லை. அடுப்புக் கண்ணாடி பீங்கான் வகை, சூட்டில் நீள்வதே கிடையாது என்று சொல்லலாம். அதனால் சூட்டால் உடைவது அபூர்வம். உடைகிறதென்றால் கட்டை இடித்திருக்கும், இல்லை பிடிப்புத் திருகாணியை யாரோ இறுக்கியிருப்பார்கள். சுற்றியுள்ள இரும்பு நீள்கிறது, கண்ணாடி நீள்வதில்லை, இடைவெளி இல்லையென்றால் கண்ணாடிதான் தோற்கும். விரலால் இறுகிய பிறகு கொஞ்சம் திருப்பினால் போதும். மாற்றும்போது ஜன்னல் கண்ணாடியோ கடினக் கண்ணாடியோ போட்டுவிடாதீர்கள்.

---

மரக்கட்டை

கயிறு மாற்றியாகிவிட்டது, செங்கலும் புதுசு. பேஃபிள் தகட்டையும் துருவன் சொன்னபடி மாற்றிவிட்டேன், பழையது வெளியே வர மறுத்தது, ஓரமெல்லாம் சாம்பல் கட்டியாகி இருந்தது. பசை காய முதலில் சின்னத் தீ மூட்டினேன், பெயின்ட் வாடை வந்தது, ஜன்னலைத் திறந்து வைத்தேன். நேற்று முழுசாக எரித்தேன். காற்றைச் சாத்தினால் சுடர் அப்படியே சோம்பலாகிறது, குழாயில் 190 அளவில் நிற்கிறது. இடது மூலை கறுப்பும் வரவில்லை.

ஒரு சந்தேகம். புது பேஃபிள் தகட்டைப் பிடிக்கும் ஊசியைப் போட்டபோது, பழைய போல்ட் ஒன்று உடைந்து உள்ளேயே நின்றுவிட்டது. அதைத் துளைத்து எடுக்கவா, விட்டுவிடவா?

---

பழையவெல்டர்

தகடு மற்ற தாங்கிகளில் நன்றாக உட்கார்ந்திருந்தால் இந்தப் பருவம் அப்படியே ஓடட்டும். வெயில் காலத்தில் துளைத்து எடுங்கள். புது போல்டின் மரையில் நிக்கல் கலந்த இறுக்கத்தடுப்புப் பசை தடவிப் போடுங்கள், எண்ணெயோ கிரீஸோ வேண்டாம், கரிந்து இன்னும் இறுகும். எரிக்காத மாதங்களில் சாம்பலை முழுக்க அள்ளிவிட்டு, காற்றுத் திறப்பைத் திறந்தே வையுங்கள். சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், சூடு தின்னாத தகட்டைத் துரு தின்றுவிடும். அள்ளிய சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே. நாள் கணக்கில் உள்ளே கங்கு இருக்கும்.